ஞா

புதுவயல் அரிசி ஆலைகளின் ஷாஃப்ட்டுதான் எனக்குச் சோறு.
பழைய புல்லட் எஞ்சின் ஊறுகாய்.
கழனிவாசல் வளைவில்
டயர்க் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவே
ஆறடி லேத்து, நாற்பது டன் பிரஸ்,
கரண்டு இருந்தால் நான்.

கோட்டையூர் வங்கியில் காசு எண்ணும் சோலையம்மை
அறுபத்தொன்றாம் வருட வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து
இறங்காமல் சொன்னாள்:
“நாப்பத்தஞ்சைத் தாண்டினா அடிவயித்துல ஒரு முனகல்.
தட்டல் இல்லைங்க. முனகல்.”
கள்ள நோட்டை விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவள்.
எஞ்சினை இறக்கினேன்.

மூன்று வருடம் முன்பு இதே கிராங்கைப் பிரித்தவன் நான்தான்.
மிதக்கும் புஷ்ஷைக் கழற்றிப் போட்டுவிட்டு
ரோலர் பேரிங் வைத்தேன்.
கன்ராடின் தண்டை நீளவாக்கில் தேய்த்தேன்,
எமரித் தாள் மேலும் கீழும், மேலும் கீழும்,
மூன்று ராத்திரி.
குறுக்கே ஒரு கீறல் விழுந்தால்
இங்கே முறி என்று இரும்புக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.
இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
டீ ஆறுகிற வரைக்கும்.

பிரஸ்ஸில் பின் நகர்ந்தது. டொக்.
ஃப்ளைவீல் இரண்டும் விலகின.
ரோலரில் குறையில்லை. பின்னில் தேய்மானமில்லை.
பிறகு எது முனகியது?

மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ராடு கிடந்தது.
காலையில் துடைத்துக் காயவைத்து
கோலமாவைத் தூவி வாசல் வெயிலில் வைத்தேன்.
கோழிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து
“என்ன ஞானம், இரும்புக்குப் பவுடரா?” என்றார்.
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
வெள்ளையில் ஈரம் கசிந்தது.
ஒரு மயிரிழை.
தண்டின் பாதி அகலம் வரை, குறுக்கே.

அது கிளம்பிய இடத்தில் என் பெயர் இருந்தது.

கடையில் விற்கிற பஞ்சு எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.
நானே டூல் ஸ்டீலை அராவி,
கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தலைமாற்றிச் செதுக்கி,
பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தது:
ஞா.
தேய்த்து முடித்த ஒவ்வொரு ராடின் நடுத்தண்டிலும்
ஓங்கி ஒரே அடி.
வண்டிக்காரன் கண்ணில் படாத இடம்.
அடுத்துப் பிரிக்கிற மெக்கானிக் பார்க்கட்டும்.
பார்த்துவிட்டான்.

ஞகரத்துக்கு ஒரு சுழி உண்டு.
விரிசல் அந்தச் சுழியில்தான் பிறந்திருந்தது.

சோலையம்மை வங்கி முடிந்து வந்தாள்.
லென்ஸைக் கொடுத்தேன்.
வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“இந்த எழுத்து?”
“நான் அடிச்சது.”
கோபப்படுவாள் என்று நின்றேன்.
லென்ஸைத் துடைத்துத் திருப்பித் தந்தபடி
“இது மாதிரி எத்தனை வெளியில ஓடுது?” என்றாள்.

பதினேழு.
கணக்குப் பேரேட்டில் தேதியோடு இருந்தது.
தேவகோட்டை நான்கு, கானாடுகாத்தான் இரண்டு,
சிங்கம்புணரியில் ஒரு ஹோமியோபதி டாக்டர்.
அவர் சிரித்தார், “ஓடுற வண்டியை ஏம்ப்பா பிரிக்கணும்?”
கண்டனூர்க்காரர் போனிலேயே வைதார், மறுநாளே வந்தார்.
பள்ளத்தூர் வண்டி கைமாறிக் கைமாறிப்
பொள்ளாச்சி வரை தடம் தெரிகிறது, அப்புறம் இல்லை.
இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை.

புது ராடு பார்சலில் வந்தது.
அதையும் தேய்த்தேன், நீளவாக்கில்.
பழக்கத்தில் கை பஞ்சுப் பெட்டிக்குப் போனது.
பெட்டியைக் காலால் தள்ளினேன்.

இப்போது கிராங்க் இரண்டு சென்டருக்கு நடுவே சுற்றுகிறது.
டயல் கேஜ் முள் ஐந்து தவ் ஆடுகிறது.
செம்புச் சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு.
மூன்று.
இன்னொன்று, கொஞ்சம் மெதுவாக.
ஒன்றரை.
அரைக்கும் ஆசைப்பட்டுச் சுத்தியலைத் தூக்கினேன்.

ரோட்டில் ஒரு புல்லட் போகிறது,
வளைவில் கியர் மாற்றி, வேகம் பிடித்து.
நாற்பது இருக்கும்.
நாற்பத்தைந்து.
சுத்தியலை இறக்காமல்
காதை வாசலுக்குக் கொடுத்து நிற்கிறேன்.